ஒரு காதில் படம், ஒரு காதில் அவர்

படம் முடிந்து விளக்கு போட்ட பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. புத்தூரில் அந்தத் தியேட்டரில் கடைசிச் சண்டை முடிவதற்குள் பாதிக் கூட்டம் பைக் ஸ்டாண்டுக்குப் போய்விடும். அன்றைக்கு அத்தனை பேரும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாலம் உடைந்து, கதாநாயகன் ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்குகிறான். கீழே வெள்ளம். கம்பியும் கழன்றுவிடுகிறது. அந்த நேரத்தில் மேலிருந்து ஒரு கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறது. செம்புக் காப்பு போட்ட கை. முகத்தைக் காட்டுவதற்குள் மீதி இரண்டாம் பாகத்தில் என்று போட்டுவிட்டார்கள்.

"இன்னா மாமா, இப்டி அந்தரத்துல உட்டுட்டானுங்கோ?" என்றேன். காசு கொடுத்து வாங்கிய பொருளில் பாதியைக் கடைக்காரன் எடுத்து வைத்துக்கொண்டதுபோல எனக்குக் கோபம்.

மாமா என்பது என் வீட்டுக்காரர். என் அத்தை பையன். சின்ன வயசிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டேன், கல்யாணத்துக்குப் பிறகு மாற்றவேண்டிய அவசியம் வரவில்லை. அவர் என்னை 'மே' என்பார். அந்தப் படம் பார்த்து எட்டாவது நாள் அவர் குவைத்துக்கு விமானம் ஏறினார். அங்கே ஒரு காய்கறிக் கம்பெனியின் குடோனில் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். கரும்பு எங்களைக் கைவிட்ட வருஷம் அது. போகாதே என்று சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

படம் பார்த்த அன்று திரும்பி வரும்போது பிச்சாட்டூர் தாண்டி அணைக்கட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தினார். நாகலாபுரம் வீடு போய்ச் சேருகிறவரை அந்தக் கை யாருடையது என்பதுதான் பேச்சு. வில்லனின் தம்பி மனம் மாறிவிட்டான், அவன் கைதான் என்று அவர் சொன்னார். கதாநாயகியின் கை என்று நான் சொன்னேன். "பொம்பளைக்கு அம்மாம் பெரிய கையா?" என்று சிரித்தார். என் கையைப் பார்த்துக்கொண்டு சொல் என்று நீட்டினேன். பவர்லூம் வீட்டில் பிறந்து வளர்ந்த கை, அப்படியொன்றும் பூப்போல இருக்காது.

"ரெண்டாவது பாகம் வர்றதுக்குள்ள நா வந்துடுவேன். நீ தனியா பாக்காத. நானும் பாக்கமாட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான்," என்றார்.

வாயால் சொன்ன சத்தியம்தான். ஆனால் அவர் போன பிறகு அதை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். போனில் பேச வேறு விஷயம் தீர்ந்துபோனால் அந்தக் கை வந்துவிடும். "இன்னொருவாட்டி யோசிச்சேன் மே, அது போலீஸ்காரன் கை," என்று ஒருநாள் மெனக்கெட்டு மதிய வேளையில் போன் செய்தார். நான் ஸ்ரீ சிட்டியில் ஒரு செல்போன் கம்பெனியில் சேர்ந்திருந்த புதிது. கண்ணாடி போட்ட கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து செல்போனுக்குள் வைக்கும் சின்னச் சின்ன பாகங்களைப் பொருத்துகிற வேலை. சாப்பாட்டு இடைவேளையில் தட்டை வைத்துக்கொண்டு, போலீஸ்காரன் காப்பு போடுவானா என்று அவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த தெலுங்குப் பெண் ஏதோ குடும்பச் சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் பாகம் வந்தபோது அவர் வருவதற்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது. உலகத்தில் உள்ள எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சத்யவேடு ஸ்டாப்பில் ஏறுகிற பெண்கள் கதையைச் சொல்லிக்கொண்டேதான் ஏறுவார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு பஸ்ஸின் பின் சீட்டுக்கு ஓடுவேன். ஒருநாள் டிரைவர் எங்கிருந்தோ திருட்டுக் காப்பி பிடித்து, கம்பெனி பஸ் டிவியில் அந்தப் படத்தையே போட்டுவிட்டார். பஸ் முழுக்க விசில். நான் துப்பட்டாவை எடுத்துத் தலையோடு மூடிக்கொண்டு, காதில் பக்திப் பாட்டு வைத்து, ஒரு மணி நேரம் மூட்டையாகக் கிடந்தேன். "அக்கா, சூடண்டி, சூடண்டி," என்று பார்க்கச் சொல்லி அந்தத் தெலுங்குப் பெண் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். கையைத் தட்டிவிட்டேன். வலித்திருக்கும். அவளுக்கு என்ன தெரியும்? இது படமா எனக்கு?

படம் ஓடிடியில் வருகிறது, வெள்ளிக்கிழமை முதல் வீட்டிலேயே பார்க்கலாம் என்று விளம்பரம் வந்தது. எனக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. இன்னும் ஐந்து வாரத்தில் அவரே வரப்போகிறார். மாங்காய் பழுக்கிற நேரத்துக்கு வீட்டில் இருப்பார். வந்த பிறகு கூடத்தில் பாய் போட்டு, பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கவேண்டியதுதான். எங்கே ஓடிப்போகப்போகிறது?

ஆனால் அவர் போன் செய்து, "வெள்ளிக்கெழமை எனக்கு லீவு. நீயும் லீவு போடு. போன வெச்சிக்கினே சேர்ந்து பாத்துடலாம்," என்றார்.

"அஞ்சு வாரம் தானே மாமா? வந்துடு, ஒன்னா பாக்கலாம்."

"இல்ல மே. இப்போவே பாத்துடலாம்."

"இன்னா அவசரம்?"

"ஆச தான். வேற இன்னா?"

அங்கேயே எனக்குப் புரிந்திருக்கவேண்டும். ஐந்து வாரத்தில் வருகிறவன் எதற்காக அவசரப்படுகிறான்? ஆசை என்று அவர் சொன்ன வார்த்தையில் நான் குளிர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷமாக அந்த வார்த்தை காதில் விழவில்லை.

சூப்பர்வைசரிடம் ஜுரம் என்று சொன்னேன். ஊத்துக்கோட்டையில் இருக்கும் என் தங்கையிடமிருந்து அவள் டேப்லெட்டை வாங்கி வந்தேன். ஓடிடிக்கு அவள் பணம் கட்டி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்தேன். புடவை கட்டினேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்து, "டேப்புல படம் பாக்கறதுக்கு ஒரு குளியலா?" என்று கேட்டுவிட்டு, பெருமாள் கோவிலுக்குப் போவதாகச் சொல்லி வெளியே போனார். பெருமாள் அன்றைக்கு அவ்வளவு அவசரமாகக் கூப்பிட்டிருக்கமாட்டார். மருமகள் மகனோடு தனியாகப் பேசட்டும் என்றுதான் போனார். அதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

எனக்கு மதியம் ஒரு மணி, அவருக்குக் காலை பத்தரை. அவர் அறையில் ராத்திரி ஷிப்ட் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், சத்தம் வைக்கமுடியாது. நான் சத்தம் வைத்தால் போனில் இரைச்சல் எதிரொலிக்கிறது. அதனால் இரண்டு பேரும் ஒரு காதில் படத்துக்கு ஒயர் மாட்டிக்கொண்டோம், இன்னொரு காதில் போனை வைத்துக்கொண்டோம். ஒரு காதில் படம், ஒரு காதில் அவர். அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. படம் ஆரம்பிக்காமலே போனாலும் எனக்கு ஒன்றும் குறையில்லை என்று அப்போது தோன்றியது.

"ஒன்னு, ரெண்டு, மூணு," என்று அவர் எண்ணினார். சேர்ந்து அழுத்தினோம்.

முதலில் எல்லாம் சரியாகப் போனது. பாலம், வெள்ளம், காப்பு போட்ட கை, எல்லாம் மறுபடி வந்தது. முகம் இன்னும் தெரியவில்லை. கதை ஊருக்குள் போனது. தோசைக்கடையில் ஒரு நகைச்சுவை நடிகர் மாவை ஊற்றிக்கொண்டு அரட்டை அடிக்கிறார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பதிலாக, "அய்யோ, அந்த வண்டில ஏறாதடா," என்றார்.

என் பக்கம் வண்டியே இல்லை. தோசைதான் வெந்துகொண்டிருந்தது.

"எந்த வண்டி?"

"லாரி. பாத்துக்கினு தானே கீற?"

கொஞ்ச நேரத்தில் என் படத்தில் லாரி வந்தது. கதாநாயகன் ஏறினான். எனக்குச் சுருக்கென்றது. ஒருவேளை நெட் மெதுவாக இருக்குமோ என்று, "எத்தினி நிமிஷத்துல கீற மாமா?" என்று கேட்டேன். "முப்பத்தி ரெண்டு." என் டேப்பிலும் முப்பத்திரண்டுதான். ஒரு விநாடிகூடப் பிசகு இல்லை. இருவரும் ஒரே இடத்தில் இருக்கிறோம். இருந்தும் இனிமேல் வரப்போவது அவருக்குத் தெரிகிறது. வில்லன் கதவைத் திறக்கும் முன்பே அவர் பதறினார். குண்டு வெடிக்கும் முன்பே உச்சுக் கொட்டினார். உள்ளுக்குள் அடுப்பு பற்றிக்கொண்டிருந்தது.

பிறகு அவர் சத்தமாக, தூங்குகிற ஆட்களை மறந்து கத்திவிட்டார். "அடப்பாவி! டீக்கடைக்காரன்! அந்தக் கை டீக்கடைக்காரன் கை மே!"

என் படத்தில் கதாநாயகன் இன்னும் லாரியில் உட்கார்ந்திருந்தான்.

இரண்டு வருஷம் காப்பாற்றி வைத்தது. பஸ்ஸில் மூட்டையாகக் கிடந்து காப்பாற்றியது. நான் டேப்பைக் குப்புறக் கவிழ்த்தேன்.

"நீ பாத்துட்ட," என்றேன்.

"இன்னா?"

"நீ மின்னாடியே பாத்துட்ட மாமா. உன் ரூம்காரங்களோட தியேட்டருக்குப் போயி பாத்துட்டு, இப்போ எனக்காக மறுபடியும் பாத்துக்கினு கீற. வேஷம் போடற. நா இங்க பைத்தியக்காரி மாதிரி காதப் பொத்திக்கினு திரிஞ்சேன்."

"சாமி சத்தியமா பாக்கல."

"அப்போ எப்டி தெரியும் உனக்கு? லாரி எப்டி தெரியும்? டீக்கடைக்காரன் எப்டி தெரியும்?"

"இதோ, இங்க ஓடிக்கினு கீது, பாத்து சொல்றேன்."

"பொய்."

எனக்குக் கோபம் வந்தால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நகரியில் என் பிறந்த வீட்டுத் தெருவில் தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கிற ஒரே குரல் என் குரல் என்று நைனாவே சொல்வார். அன்றைக்கு அந்தக் குரலில் இரண்டு வருஷத்தையும் கொட்டினேன். எனக்காக ஒரு படத்தைக்கூடப் பார்க்காமல் இருக்க முடியவில்லையா, அங்கே உனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை இருக்கிறது, தியேட்டர் இருக்கிறது, நான் எதற்கு, இன்னும் என்னென்ன பொய் சொல்லியிருக்கிறாய் என்று மூச்சு விடாமல் கேட்டேன்.

பிறகு அவர் குரல் தழைந்து வந்தது.

"படம் பாக்கல மே. உன்கிட்ட நா மறைச்சது ஒன்னே ஒன்னுதான். அது படம் இல்ல."

நான் கேட்காமல் இருந்திருக்கலாம். "அப்போ இன்னா?" என்றேன்.

"கம்பெனில பேப்பர் குடுத்தாங்கோ. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு. ரூம்ல எல்லாரும் போட்டாங்கோ. நானும் கையெழுத்து போட்டுட்டேன். இருவது நாள் ஆச்சு. லீவும் இப்போ இல்லன்னுட்டாங்கோ. எப்டி சொல்றதுன்னு தெரியல. படத்தயாவது சேர்ந்து பாத்துட்டு, பொறவு சொல்லலாம்னு நெனச்சேன்."

நான் போனை வைத்துவிட்டேன். காதில் மாட்டியிருந்த ஒயரில் மட்டும் படம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ யாரையோ அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை கோவிலிலிருந்து வந்தபோது நான் அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். விஷயத்தை நான்தான் அவரிடம் சொல்லவேண்டியதாயிற்று. பெற்ற தாய் என்ன செய்வார் என்று பயந்தேன். அவர் குங்குமப் பொட்டலத்தை மாடத்தில் வைத்துவிட்டு, என் எதிரே வந்து உட்கார்ந்து, "சோறு துன்னியா?" என்று மட்டும் கேட்டார். துன்னேன் என்றேன். சாப்பிடவில்லை.

இரண்டு நாள் அவர் போனை நான் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்தேன். எடுத்ததும் அவர் கேட்டது, "நீ தமிழ்ல பாத்தியா?"

"இன்னா?"

"படத்த மே. நீ தமிழ்ல பாத்தியா?"

ஆமாம். தங்கையின் கணக்கு தமிழ்நாட்டுக் கணக்கு, திறந்ததும் தமிழ்ப் படம்தான் முதலில் வந்தது, அதை அழுத்தினேன். அவர் தெலுங்கில் பார்த்திருக்கிறார். புத்தூரில் முதல் பாகத்தைத் தெலுங்கில்தானே பார்த்தோம், மீதியும் அதில்தானே பார்ப்போம் என்று அவருக்கு. அந்தப் படம் குரல் மாற்றிய படம் இல்லையாம். இரண்டு மொழிக்கும் தனித்தனியாக எடுத்திருக்கிறார்களாம். தமிழுக்கென்று அந்தத் தோசைக்கடை நடிகரைப் போட்டு நான்கு நிமிஷம் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். தெலுங்கில் தோசையும் இல்லை, அந்த நடிகரும் இல்லை; அதனால் இவர் படம் என் படத்தைவிட நான்கு நிமிஷம் முன்னால் ஓடியிருக்கிறது. மாமாவின் அறையில் இருக்கும் வேலூர்க்காரர் ஒருவர் தோசைக் காட்சியைச் சொல்லிச் சிரித்தபோதுதான் அவருக்கு இது விளங்கியிருக்கிறது.

சென்னையில் ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு இது நடந்திருக்காது. அவர்கள் தமிழில்தான் பார்ப்பார்கள். திருப்பதியில் தெலுங்கில்தான் பார்ப்பார்கள். ஆந்திர எல்லையில் எங்கள் பக்கத்தில்தான் எந்த மொழியில் என்று கேட்கவேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வராது. பால்காரரிடம் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீஸில் ஒன்று என்று வாய் அதுவாகவே மாற்றிக்கொள்ளும். நாங்கள் நாள், மணி, நிமிஷம், விநாடி எல்லாம் பேசி வைத்தோம். இதை மட்டும் பேசவில்லை.

"பாத்தியா? நா பொய் சொல்லல," என்றார். கேஸ் ஜெயித்தவர் மாதிரி அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு நிமிஷத் தோசைக்கு இத்தனை ரகளையா என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நன்றாகச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்தக் கையெழுத்து ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

"படம் நீ பாக்கல. அது என் தப்பு," என்றேன். "கையெழுத்த ஏன் என்னக் கேக்காம போட்ட?"

"கேட்டேனே."

"எப்போ கேட்ட?"

"பேப்பர பையில வெச்சிக்கினு மூணு நாளு போன் பண்ணேன். எப்டி கீறன்னு கேட்டேன். மூணு நாளும் நல்லா கீறேன், ஒரு கொறயும் இல்ல, நீ நிம்மதியா வேலயப் பாருன்னு சொன்ன. போர் மோட்டர் போனப்பவும் ஆள் வெச்சி பாத்துட்டேன்னு சொன்ன. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லாம போனதயும் எல்லாம் சரியான பொறவு சொன்ன. ஒரு வாட்டி கூட வான்னு சொல்லல மே. நா இல்லாமயே எல்லாம் நல்லாத்தான் நடக்குதுன்னு நெனச்சிட்டேன். சரி, இருந்துட்டுதான் போவமேன்னு போட்டுட்டேன்."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. தறிச் சத்தத்துக்கு மேல் கேட்கிற வாய்.

தூரத்தில் இருக்கிற மனுஷனிடம் நல்லதை மட்டும்தான் சொல்லவேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அழுதால் அவருக்கு அங்கே சோறு இறங்காது என்று அழுகையை முடித்துக்கொண்டு போனை எடுப்பேன். சிரித்த குரலில் பேசுவேன். அதை என் சாமர்த்தியம் என்று வைத்திருந்தேன். அந்தச் சாமர்த்தியத்தால் அவர் இங்கே தனக்கு இடம் இல்லை என்று நினைத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ராத்திரி அவர் சட்டையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறவள் நான். இது அவருக்கு எப்படித் தெரியும்? சொன்னால்தானே.

"வா மாமா," என்றேன்.

அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுதாரோ என்னவோ. பிறகு, "கையெழுத்து போட்டாச்சே மே," என்றார்.

அது நடந்து ஒன்றரை மாதம் ஆகிறது. மாங்காய் பழுத்து, வண்டி வண்டியாகச் சித்தூர் ஜூஸ் பேக்டரிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. டேப்பைத் தங்கையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மீதிப் படத்தை நான் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை என்று சொல்கிறார், நம்புகிறேன். நேற்றும் நான் ஷிப்ட் முடித்துப் பஸ்ஸில் வரும்போது அவர் போன் செய்தார். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் அந்தத் தெலுங்குப் பெண். அவர் வழக்கம்போல, "எப்டி கீற?" என்று கேட்டார்.

"நல்லா இல்ல மாமா," என்றேன்.